இருநூற்றுப் பதின்மூன்றாம் பக்கம்

எனக்குச் சின்ன வயதில் யார் மீதும் நம்பிக்கை கிடையாது. பால்காரர் மீது கிடையாது, வகுப்பு லீடர் மீது கிடையாது, எங்கள் வீட்டுக் கடிகாரத்தின் மீதுகூடக் கிடையாது. அப்பா அதைப் பத்து நிமிஷம் வேகமாக வைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்ததைக் கண்டுபிடித்தது நான்தான். அந்த ஒரு வெற்றி தலைக்கு ஏறிவிட்டது. அதற்கப்புறம் கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் தெருவில் எது நடந்தாலும், அதற்குப் பின்னால் வேறு ஏதோ நடக்கிறது என்றே நினைத்தேன். பாதி நேரம் அது சரியாகவும் இருந்து தொலைத்தது.

இரண்டாயிரத்து ஏழில், எனக்குப் பத்து வயதானபோது, என் பார்வை மாமா மீது விழுந்தது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. சிதம்பரத்தில் ஒரு டிடிபி கடையில் டைப் அடிக்கிற வேலை. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ், காலேஜ் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் என்று வாரம் முழுக்கத் தட்டிவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். ஞாயிறு காலை எங்களோடு மாதா கோயிலில் பூசை பார்த்து, மத்தியானம் கறிக்குழம்பு சாப்பிட்டு, திரும்பிப் போவார். தங்கமான மனுஷன் என்று தெருவே சொல்லும். அதுவே எனக்குப் போதுமான சந்தேகத்தைக் கொடுத்தது.

மாமா நாவல் எழுதுகிறார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கடலுக்கடியில் மூழ்கிப்போன கோட்டை, அதைக் காவல் காக்கும் பூதங்கள், தண்ணீரைக் கையசைத்து எழுப்புகிற ஒரு படகோட்டி, அவனை நம்பி அரண்மனையை விட்டு ஓடிவருகிற ஒரு இளவரசி. அப்பா அதைப் 'பூதக் கதை' என்பார். மாமாவின் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அவர் எழுதியதை அவராலேயே படிக்க முடியாது. அதனால் அவர் வாயால் சொல்லச் சொல்ல, அத்தை அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுப்பாள். அத்தை, அப்பாவின் தங்கை, எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு வரனுக்காக வீட்டில் காத்திருந்தவள். அவள் எழுதித் தந்ததை மாமா சிதம்பரம் கொண்டுபோய், கடையில் வேலை ஓய்ந்த நேரத்தில் டைப் அடிப்பார். அடுத்த சனிக்கிழமை கையெழுத்துத் தாள்களைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்துவிடுவார். இதுதான் எங்களுக்குச் சொல்லப்பட்ட ஏற்பாடு.

நான் சும்மா இருப்பேனா? வீட்டுப்பாடம் எழுதுகிற சாக்கில் கூடத்திலேயே உட்கார்ந்து கவனித்தேன். கதை சொல்கிறவர் பேசாமல் இருந்தார். எழுதிக்கொள்கிறவள், சிதம்பரத்துக்குப் பக்கத்தில் கிள்ளை என்கிற ஊரின் சதுப்புக் காட்டைப் பற்றிக் கேள்விமேல் கேள்வி கேட்டாள்.

“கிள்ளையில வாய்க்கா எத்தன தடவ திரும்புது?”

“பதினொன்னு எண்ணினேன். அதுக்கு மேல சேறு. போட்டுக்காரரு திரும்பிடலாம்னுட்டாரு.”

“அலையாத்தி வேர் மேல கால வச்சா வழுக்குதா, குத்துதா?”

“ரெண்டுந்தான். ஒரு செருப்பு போச்சி.”

மாமா சொன்னது அவ்வளவுதான். அத்தை குனிந்து எழுத ஆரம்பித்தால் இரண்டு பக்கம் நிரம்பிவிடும். இத்துனூண்டு பேச்சுக்கு இரண்டு பக்கமா? நான் கணக்கில் புலி இல்லை, ஆனாலும் இது உதைத்தது. மாமாவோ அந்த நேரமெல்லாம் முறுக்கைக் கடித்துக்கொண்டு, அவளுடைய பேனா போகிற போக்கையே பார்த்துக்கொண்டிருப்பார். நாவலாசிரியர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அப்படி இருக்காது என்று தோன்றியது.

அப்பாவுக்கும் உள்ளூர ஒரு நெருடல் இருந்தது. “டைப் அடிக்கிறவனுக்கு மாசம் ரெண்டு தடவ கிள்ளையில என்னா வேல?” என்று அம்மாவிடம் முணுமுணுப்பார். அம்மா, தம்பியை விட்டுக்கொடுக்காமல், “கதைக்கு வேணுமாம்ங்க” என்பாள். பூதக் கதைக்கு எதற்குச் சேற்றில் இறங்க வேண்டும் என்பது அப்பாவுக்குப் புரியவில்லை. சத்தியமாக எனக்கும் புரியவில்லை.

ஒருநாள் அத்தையையே மடக்கினேன். தண்ணீரை எழுப்பத் தெரிந்த படகோட்டி, ஒரே எழுப்பாக எழுப்பி எதிரிகளை எல்லாம் மூழ்கடித்துவிட்டுப் போகவேண்டியதுதானே, எதற்கு இருநூறு பக்கம் என்று கேட்டேன். அத்தை சிரிக்கவில்லை. பெரிய மனுஷி கேட்டதுபோல எடுத்துக்கொண்டு யோசித்தாள்.

“சும்மா கெடைக்கிற மாயம் கதையக் கெடுத்துடும் பாப்பா. அவன் ஒவ்வொரு தடவ தண்ணிய எழுப்பும்போதும் அவனுக்குத் தெரிஞ்ச ஒரு முகம் மறந்துபோயிடும். யாரு மொகம்னு முன்னாடியே தெரியாது. அப்ப அவன் சுலபமா கைய அசைப்பானா?”

“இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்? மாமாதான எழுதறாரு?”

“அவுங்கதான் சொன்னாங்க,” என்றாள், கண்ணைக்கூட இமைக்காமல். பொய் சொல்கிறவர்கள் கண்ணை இமைப்பார்கள் என்று எங்கோ கேட்டிருந்ததால் அந்த ஒரு பொய்யை மட்டும் நான் கோட்டைவிட்டேன்.

அந்த வருஷம் அத்தைக்கு விருத்தாசலத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். குறைசொல்ல முடியாத மனிதர். எனக்குப் பெரிய சாக்லேட் கொடுத்தார், அதனால் அவர் மீதும் கொஞ்சம் சந்தேகப்பட்டு வைத்தேன். பெண் பார்க்க வந்த அன்று அப்பா பெருமையாக, “எங்க மச்சான் ஒரு கதை எழுதறாரு, தங்கச்சிதான் எல்லாத்தயும் முத்து முத்தா எழுதிக் குடுக்குது,” என்றார். மாப்பிள்ளை நல்லவிதமாகவே சிரித்து, “கல்யாணத்துக்கு அப்புறம் அதுக்கெல்லாம் எங்க நேரம் இருக்கப்போவுது,” என்றார். எல்லோரும் சிரித்தோம். அத்தையும் சிரித்து, காபித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பேச்சு முடிந்தது. கோயிலில் ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு தொடர்ந்து, பூசை முடிகிற நேரத்தில், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று சாமியார் எல்லோர் முன்னும் வாசிப்பார். இதற்கு ஏதாவது தடை தெரிந்தவர்கள் மறைக்காமல் வந்து தன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று முடிப்பார். எத்தனையோ ஓலை கேட்டிருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டுப் பெயர் வந்த அன்று, அந்தக் கடைசி வாக்கியம் நேராக என்னைப் பார்த்துச் சொல்லப்பட்டதாக எனக்குப் பட்டது. அதற்கு முந்தின வருஷம்தான் புதுநன்மை என்கிற முதல் நற்கருணை வாங்கியிருந்தேன். கடமை என்றால் எனக்குத் தெரியும்.

அடுத்த வாரமே தடை கிடைத்துவிட்டது. அத்தையின் தலையணை உறைக்குள் ஒரு தாள். நான் ஏன் தலையணை உறைக்குள் கைவிட்டேன் என்று கேட்காதீர்கள். அத்தையின் கையெழுத்து. இப்படி இருந்தது:

'ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் கிள்ளைத் துறைக்கு வந்துவிடுங்கள். படகு தயாராக இருக்கட்டும். நான் இல்லை என்று தெரிந்ததும் அண்ணன் நாலா பக்கமும் ஆள் அனுப்புவார். அதற்குள் நாம் வெள்ளாற்றைத் தாண்டியாக வேண்டும். உங்களை நம்பித்தான் வருகிறேன்.'

மேல் மூலையில் 212 என்று ஒரு எண் இருந்தது. அது பஸ் நம்பர் என்று முடிவுசெய்தேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் படிக்கிற நீங்களும் என்னைப் போலவே அத்தையைத் தப்பாக நினைப்பீர்கள். அந்தத் தாள் நாவலின் ஒரு பக்கம்தான். நாவலை எழுதியது மாமா அல்ல, அத்தை. அவள் காலேஜில் படிக்கும்போது அவள் பெயரில் ஒரு பத்திரிகையில் சிறுகதை வந்திருக்கிறது. அதைப் படித்துவிட்டு யாரோ ஒரு ஆள், முன்பின் தெரியாதவன், பாராட்டி வீட்டு விலாசத்துக்குக் கடிதம் போட்டுவிட்டான். அப்பா வீட்டை இரண்டாக்கிவிட்டார். அதோடு அத்தையின் பெயர் அச்சில் வருவது நின்றது. அப்புறம் மாமா தன் பெயரைக் கடன் கொடுத்தார். கிள்ளையில் சேற்றில் இறங்குவதும், வாய்க்கால் திருப்பங்களை எண்ணுவதும், அப்பாவின் கிண்டலை வாங்கிக்கொள்வதும் அவர் வேலை. கதை என்னவென்று மட்டும் அவருக்குத் தெரியாதாம். “கண்ணு பாக்குது, கை அடிக்குது. எழுத்துதான் தெரியும், கத மனசுல நிக்காது,” என்று அவரே சொல்லுவாராம். அத்தையும் அதை நம்பினாள்.

கிள்ளையும் ஞாயிற்றுக்கிழமையும் அதில் வந்ததற்கும் காரணம் இருந்தது. அத்தை தன் ராஜ்யத்துக்கு முதலில் பெயர் வைக்க மாட்டாள். அழகான பெயர் வைத்துவிட்டால் அதிலேயே மயங்கி, ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு எவ்வளவு தூரம் என்பதை மறந்துவிடுவோம் என்பது அவள் கட்சி. அதனால் எழுதும்போது தலைநகருக்குச் சிதம்பரம், துறைமுகத்துக்குக் கடலூர், மூழ்கிய கோட்டைக்குக் கிள்ளை என்று நம் ஊர்ப் பெயர்களையே போட்டுக்கொள்வாள். எத்தனை மணி நேரத்தில் போகலாம் என்று தனக்கே தெரியும், தன்னால் ஏமாற்ற முடியாது. அந்த நாட்டில் வாரத்துக்கு ஒன்பது நாள். அவற்றுக்குப் பெயர் கிடைக்கிறவரை நம் கிழமைகள்தான். கடைசியில் எல்லாவற்றையும் மாற்றுவாள். நான் தலையணையில் கைவிட்டபோது அந்தக் கடைசி இன்னும் வரவில்லை.

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு, பூசை முடிந்ததும் நான் நேராகச் சாமியார் பங்களாவுக்குப் போய், “ஸ்தோத்திரம் சாமி, தடை இருக்குது,” என்று தாளை நீட்டினேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். அப்புறம் கோயில் வேலை பார்க்கிற உபதேசியாரை அனுப்பி எங்கள் வீட்டில் அத்தனை பேரையும் வரவழைத்தார். கறிக்குழம்பு அடுப்பிலேயே நின்றது.

அப்பா தாளைப் படித்துவிட்டு, பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். அம்மா மாமாவைப் பார்த்த பார்வையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மாமா மட்டும் நிதானமாக, “இது கத சாமி. நான் எழுதற நாவல்ல வருது. மீதி கம்ப்யூட்டர்ல இருக்குது, சிதம்பரத்துல,” என்றார்.

“எந்த ராஜ்யத்துல மச்சான் கிள்ளை இருக்குது?” அப்பா தாளை அவர் முன்னால் ஆட்டினார். “எந்த ராஜ்யத்துல வெள்ளாறு ஓடுது? என் சோத்தத் தின்னுட்டு...”

சாமியார் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். பொறுமைசாலி, ஆனால் விவரமானவர். மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, மேல் மூலையில் 213 என்று தன் கையாலேயே எழுதி, பேனாவோடு மாமா முன்னால் தள்ளினார்.

“கதைன்னா இதுக்கு அடுத்த பக்கமும் இருக்கணுமில்ல? எழுதுப்பா. கையெழுத்து மோசமா இருந்தாலும் பரவால்ல, நான் படிச்சிக்கிறேன்.”

மாமா உட்கார்ந்தார். மின்விசிறி சுற்றியது. அம்மா உள்ளங்கைக்குள் ஜெபமாலையை உருட்டினாள். அப்பாதான் ரொம்பத் தவித்தார். அவருக்கு மாமா எழுதிவிட வேண்டும். எழுதிவிட்டால் எல்லாம் கதையாகிவிடும், விருத்தாசலத்துக்குக் கொடுத்த வாக்கு நிற்கும், மானம் தப்பும். “எழுதுங்க மச்சான். ரெண்டு வரி எழுதுங்க. எதாவது ஒரு பூதத்தப் பத்தி எழுதுங்க,” என்று கெஞ்சவே ஆரம்பித்துவிட்டார்.

மாமா பேனாவை எடுத்தார். தாளைப் பார்த்தார். பேனாவை வைத்தார்.

அத்தை வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரே ஒரு வார்த்தை அவளிடம் இருந்தது. 'நான்தான் எழுதுறேன்' என்று சொல்லி, அந்தப் பேனாவை வாங்கிப் பத்து வரி எழுதியிருந்தால் மாமா தப்பித்திருப்பார். மூன்றாம் ஓலை வாசித்திருப்பார்கள். அவளும் விருத்தாசலம் போயிருப்பாள், நேரம் இல்லாத வீட்டுக்கு. சொல்லாவிட்டால், சோறு போட்ட வீட்டுக்கே துரோகம் செய்தவர் என்ற பெயர் மாமாவுக்கு. இதெல்லாம் எனக்கு அப்போது எங்கே தெரியும்? அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, மாட்டிக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன். எனக்குள் ஒரே பெருமை.

அரை மணி நேரம் ஆனது. தாள் அப்படியே இருந்தது. மாமாவின் நெற்றியில் மட்டும் வியர்த்திருந்தது.

“எழுத வரல சாமி,” என்றார்.

சாமியார் அத்தையிடம் திரும்பினார். “உனக்கு ஏதாவது சொல்றதுக்கு இருக்குதாம்மா?”

அத்தை அந்த வெள்ளைத் தாளைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். அவர் தலைநிமிரவில்லை. “இல்ல சாமி,” என்றாள்.

அவ்வளவுதான். அப்பா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். வேறு வீடாக இருந்திருந்தால் வெட்டு குத்து ஆகியிருக்கும். ஆனால் அண்ணன் பெண்டாட்டியின் தம்பி என்றால் முறை, கட்டிக்கொடுக்கலாம். தப்பு செய்துவிட்டார்கள் என்று கண்டுபிடித்தபின் கொடுப்பதற்கு எங்கள் பக்கத்தில் இருந்த ஒரே தண்டனையும் அதுதான். சாமியார் இரண்டு பேரையும் தனித்தனியாக உள்ளே கூப்பிட்டு, யாருடைய கட்டாயமும் இல்லாமல் சம்மதமா என்று கேட்டார். இரண்டு பேரும் சம்மதம் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் அப்பா, “நேரா வந்து கேட்டிருந்தா நானே குடுத்திருக்க மாட்டேனா?” என்று புலம்பினார். அம்மா, “கேட்டிருந்தா வெளக்கமாறு பிஞ்சிருக்கும்,” என்று சொல்லிவிட்டுக் குழம்பைச் சூடுபண்ணப் போனாள்.

மறுநாளே அப்பாவும் சாமியாரும் விருத்தாசலம் போய்க் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்கள். அந்த மாப்பிள்ளைக்கு மூன்றே மாதத்தில் நெய்வேலியில் நல்ல இடத்தில் அமைந்தது. எங்கள் கோயிலில் அத்தை பெயரோடு மாமா பெயரைச் சேர்த்து மறுபடி முதல் ஓலையிலிருந்து ஆரம்பித்தார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று வாசித்தபோது, முன்வரிசையில் பாதிப் பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்கு சிஐடி என்று பெயர் வந்ததும் அன்றிலிருந்துதான்.

கல்யாணம் ஆன பிறகு அத்தை சிதம்பரம் போனாள். லீவுக்குப் போன முதல் தடவையே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. மாமா காலையில் கடைக்குப் போய்விடுவார். நாவல் பாட்டுக்கு வீட்டில் வளர்ந்துகொண்டிருக்கும். முதல் பக்கத்தில் அத்தையின் பெயரை மாமா பெரிய எழுத்தில் டைப் அடித்து வைத்திருந்தார். அன்று அத்தை வாயைத் திறக்காததன் காரணம் எனக்கு அப்போதே மெல்லப் புரிந்தது. கெட்டிக்காரி, தன் கதைக்காக மாமாவைப் பலிகொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். மாமா மீது முதல்முறையாகப் பரிதாபம் வந்தது. பாவம், எழுதத் தெரியாத குற்றத்துக்காகக் கட்டிக்கொண்டவர்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் பரீட்சை லீவுக்குப் போயிருந்தேன். கரண்ட் வருவதே செய்தியாக இருந்த வருஷம் அது. நாவல் கடைசித் திருத்தத்தில் இருந்தது. ஊர்ப் பெயர்களை எல்லாம் அத்தை மாற்றிவிட்டாள். ஒன்பது கிழமைக்கும் பெயர் வந்துவிட்டது. மாமா வீட்டிலேயே ஒரு பழைய கம்ப்யூட்டரில் மறுபடி முழுக்க அடித்துக்கொண்டிருந்தார். படகுத் துறை அத்தியாயம் முடிகிற நேரத்தில் கரண்ட் போனது. சேமிக்கவில்லை. அத்தை சமையற்கட்டிலிருந்து, “போச்சா?” என்றாள். “கொஞ்சந்தான்,” என்றார் மாமா.

மத்தியானம் கரண்ட் வந்ததும் மறுபடி உட்கார்ந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். திருத்திய தாள்கள் கட்டிலின் மேல் கவிழ்ந்து கிடந்தன. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கை பாட்டுக்கு ஓடுகிறது, கண் திரையிலேயே இருக்கிறது. எனக்குப் பழைய நோய் எட்டிப்பார்த்தது. மெல்ல அந்தத் தாள்களை எடுத்து ஒத்துப்பார்த்தேன். வரிக்கு வரி அதேதான், ஊர்ப் பெயரைத் தவிர. புதுப் பெயர் வரவேண்டிய இடத்தில் எல்லாம் அவர் 'கிள்ளை' என்று அடித்திருந்தார். 'வெள்ளாறு' என்று அடித்திருந்தார். தாளின் மூலையில் இருந்த எண்ணைப் பார்த்தேன். இருநூற்றுப் பதின்மூன்று.

நான் பார்ப்பதை மாமா பார்த்துவிட்டார். அவசரமாகக் கிள்ளையை அழித்தார்.

“மாமா, சாமியார் முன்னாடி ஒக்காந்தீங்களே, அன்னிக்கே உங்களுக்கு இது மனப்பாடமா?”

அவர் சமையற்கட்டுப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். உள்ளே அத்தை எதையோ தாளித்துக்கொண்டிருந்த சத்தம். குரலைத் தாழ்த்தி, “உங்க அத்தைகிட்ட சொல்லாத,” என்றார்.

இதுவரை சொல்லவில்லை. நான் காப்பாற்றிய ஒரே ரகசியம் அதுதான். பத்து வயதில், ஒரு மனுஷன் அரை மணி நேரம் வெள்ளைத் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அவருக்கு எழுத வரவில்லை என்றுதான் நான் நினைத்தேன்.